யன்னலுக்கு வெளியே நான்கு செடிகள்

எங்கள் வீட்டின் முன்முற்றம் 8 அடி நீளம், 3 அடி அகலம். வாப்பாவின் முச்சக்கர வண்டி நிற்கும் சீமெந்துத் தரைக்கும் தெருவோர மதிலுக்கும் இடையில் மிஞ்சிப்போன மண் அது. கண்டியைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் அநேக வீடுகள் இப்படித்தான். ஒரு காணி பிள்ளைகளுக்கெல்லாம் பிரிந்து, அதன் பிறகு வீடுகளும் பெருத்து, கடைசியில் வாசலில் ஒரு கீற்று மண் எஞ்சுகிறது. அதையும் மூடிவிட்டால் மழைக்காலத்தில் சேறு வராது என்பது எல்லோருடைய அபிப்பிராயம். வாப்பாவும் அந்தக் கட்சிதான். மணல் பறித்து, இரண்டு மூடை சீமெந்தும் வாங்கி வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் பண்டாரவளையில் எங்கள் அப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, மௌத்தானார். அங்கே துணைக்கு ஒருவரும் இல்லாததால், மௌலவி ஒருவரிடம் கேட்டுத் தெளிந்த பின், உம்மும்மாவை இத்தா இருப்பதற்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். நான்கு மாதமும் பத்து நாளும். முன்னறைதான் அவருடைய அறை. அதன் யன்னல் முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும்.

முதல் இரண்டு வாரம் உம்மும்மா பேசியது மிகக் குறைவு. ஓதுவார், தொழுவார், கொடுத்ததைச் சாப்பிடுவார். ஒரு நாள் காலையில் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, “அந்த மணல் என்னத்துக்கு?” என்று கேட்டார். உம்மா விஷயத்தைச் சொன்னார். “மண்ண மூடப் போறீங்களா?” என்றார் உம்மும்மா. அவ்வளவுதான். அவர் மறுபடி தஸ்பீஹைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வாப்பா அடுத்த அறையில் இருந்திருக்கிறார். மறுநாள் மணல் முழுவதும் குசினிக்குப் பின்னால் போயிருந்தது. தேநீர் குடிக்கும்போது என்னிடம் சொன்னார்: “நாலு செடிக்கித்தான் இடம் ஈக்குது. உம்மும்மாக்கு விருப்பமானத நடுங்க. ஆனா வண்டிட கூடாரத்துல முள்ளுப் படக் கூடா.”

உம்மும்மாவுக்கு விருப்பமானது ரோஜா. அதில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பண்டாரவளை வீட்டில் அவர் வளர்த்தவை ‘ஹைபிரிட் டீ’ வகை. நீண்ட காம்பு, காம்பு நுனியில் ஒரே ஒரு பெரிய பூ, ஐந்தடி வரை உயரம். சிறுவயதில் விடுமுறைக்குப் போனால் அந்தச் செடிகளின் முள்ளை ஒடித்து, எச்சில் தொட்டு மூக்கில் ஒட்டிக்கொண்டு காண்டாமிருகம் விளையாடுவோம். உண்மையில் அவை முட்களே அல்ல, மேற்றோலின் வெளிவளர்ச்சிகள் என்று உயர்தர உயிரியல் வகுப்பில் படித்தபோது, பக்கவாட்டில் தள்ளியதும் அவை அத்தனை சுத்தமாகக் கழன்று வந்ததன் காரணம் விளங்கியது.

அந்தச் செடிகள் எங்கள் கீற்று மண்ணுக்குச் சரிவராது. வண்டிக் கூடாரமும் தப்பாது. உம்மும்மாவே தீர்த்து வைத்தார். “கட்டையான கொத்து ரோசா எடுங்க. இடுப்புக்கு மேல வராது.”

அவர் கொத்து ரோஜா என்று சொன்னதைத்தான் நூல்கள் ‘புளோரிபண்டா’ என்கின்றன. நிறையப் பூப்பது என்று அந்த இலத்தீன் சொல்லுக்குப் பொருள். சிறு பூக்களைக் கொத்தாகப் பூக்கும் ‘பொலியந்தா’ வகையை ஹைபிரிட் டீயோடு கலந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கில் போல்சன் குடும்பத்தினர் இந்த இனத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். வடநாட்டுக் குளிரைத் தாங்கி நின்று பூக்கும் ரோஜா அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1924இல் அவர்கள் உருவாக்கிய ‘எல்ஸ போல்சன்’ இளஞ்சிவப்பு நிறம். குளிருக்காகப் பிறந்த ஒரு குலம் எங்கள் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் நடுவில் வந்து பூப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புத்தான்.

பேராதனைப் பக்கத்து வீதியோரக் கன்றுக் கடை ஒன்றில் வாங்கினோம். ஒரு கன்று 800 ரூபா. கறுப்புப் பொலித்தீன் பையில் ‘பிங்க்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எத்தனை கன்று வேண்டும் என்பது எளிய கணக்கு. கட்டையான வகைக்கு இரண்டடி இடைவெளி போதும். மதில் மூலையிலிருந்து ஓரடி விட்டு முதலாவது, பிறகு இரண்டிரண்டு அடிக்கு ஒன்று. 8 அடிக்குள் நான்கு அடங்கிவிடும். இன்னும் ஒன்றைத் திணிக்கலாம் என்று தம்பி சொன்னான். செடிகளுக்கிடையில் காற்றுப் போகாவிட்டால் இலை காயாது, இலை காயாவிட்டால் நோய் பிடிக்கும் என்று உம்மும்மா மறுத்துவிட்டார்.

குழி தோண்டியதுதான் பெரும்பாடு. வீடு கட்டியவர்கள் மிச்சமான கல், ஓடு, காய்ந்த சீமெந்துக் கட்டி எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டு மேலே மண்ணைப் பரப்பியிருந்தார்கள். சிறு முற்றம் வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். யன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து உத்தரவு வந்தது: “மகள், அந்தக் கட்டி எல்லாத்தையும் வெளிய போடுங்க. சுண்ணாம்பு ஈக்குது அதுல.” ரோஜாவுக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும், பீ.எச். 6க்கும் 6.5க்கும் இடையில் இருந்தால் நல்லது. சீமெந்திலுள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கினால், மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, இலை மட்டும் மஞ்சளாகிவிடும். மதிலோரம் நட்ட செடிகள் வெளிறிப்போவதற்குப் பல வீடுகளில் இதுவும் ஒரு காரணம். நாங்கள் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி, ஆறு வாளிக் கழிவை அகற்றி, மாட்டெரு, கூட்டெரு, கொஞ்சம் தும்புத் தூள் கலந்து நிரப்பினோம். ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டோம்.

கன்றுகளில் ஏற்கெனவே மொட்டுகள் இருந்தன. எல்லாவற்றையும் கிள்ளச் சொன்னார். பூப்பதற்குச் செலவாகும் பலம் முதலில் வேருக்குப் போக வேண்டுமாம். ஒரு மாதம் கழித்து வந்த மொட்டுகளையும் விடவில்லை. தெருவால் போகிறவர்கள், என்ன இந்த வீட்டில் செடி நட்டுவிட்டு மொட்டைக் கிள்ளுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போவார்கள்.

இதற்கிடையில் உம்மும்மாவின் பேச்சு திரும்பியிருந்தது. முதலில் செடியைப் பற்றி மட்டும். தண்ணீரை இலையில் ஊற்றாதே, அடியில் ஊற்று, அதுவும் காலையில். உதிர்ந்த இலையை முற்றத்தில் விடாதே. அழுக்கணவன் வந்தால் சவர்க்காரத் தண்ணீர் தெளி. பிறகு அப்பாவைப் பற்றி. அவருக்கு ரோஜா என்றால் அவ்வளவு விருப்பமில்லையாம். ஆனால் தும்மிக்கொண்டே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எருச் சாக்கைத் தூக்கி வருவாராம். இதைச் சொல்லிவிட்டு உம்மும்மா கொஞ்சம் சிரித்தார். உம்மா குசினிக்குள் போய் அழுதது எனக்குக் கேட்டது.

மூன்றாம் மாதம் மழை தொடர்ந்து பெய்தது. கீழ் இலைகளில் ஓரம் பிசிறிய கறுப்புப் புள்ளிகள் தோன்றின. கரும்புள்ளி நோய் ஒரு பூஞ்சணம். இலை ஏழு மணித்தியாலம்போல் தொடர்ந்து ஈரமாக இருந்தாலே அதன் வித்திகளுக்குப் போதும். எங்கள் ஊர் மழைக்கு ஏழு மணித்தியாலம் ஒரு பெரிய விஷயமா? புள்ளி விழுந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பறித்துப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்தோம். நான்காவது செடி பாதி மொட்டையாகி நின்றது. அதைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். “தளிர் ஈக்குதா பாருங்க,” என்றார். இருந்தது.

அந்த மாதக் கடைசியில் எல்லாச் செடிகளிலும் கொத்து வந்தது. முதலாவது செடியில் ஒரே காம்பில் 11 மொட்டுகள் எண்ணினேன். நடு மொட்டு மற்றவற்றைவிடப் பெரிது, நிறமும் காட்டத் தொடங்கியிருந்தது. “நடு மொட்டக் கிள்ளுங்க,” என்றார் உம்மும்மா.

இது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்தது இதற்காகவா? “அது ஒன்டுதான் முதல்ல விரியப் போகுது உம்மும்மா!” என்றேன்.

“அதுக்குத்தான் சொல்றன். அது முந்தி விரிஞ்சி, மத்தது விரியக்குள்ள கருகி நடுவுல குந்திக்கொண்டு ஈக்கும். கொத்துட அழகே போயிடும்.”

கொத்து ரோஜாவைக் காட்சிக்கு வளர்ப்பவர்கள் உலகெங்கும் செய்வது இதுதான் என்று பின்னர் வாசித்தேன். ஹைபிரிட் டீயில் நேர்மாறு: பக்க மொட்டுகளைக் கிள்ளி, நடு மொட்டை மட்டும் விடுவார்கள். வாழ்நாள் முழுவதும் ஹைபிரிட் டீ வளர்த்த உம்மும்மா இதை எங்கே கற்றார் என்று கேட்டேன். பண்டாரவளையில் வேலியோரம் ஒரு கொத்து ரோஜா நின்றதாம். அதில்தானாம்.

பத்து நாளில் மீதிப் பத்தும் அடுத்தடுத்து விரிந்தன. காலையில் அடர்ந்த இளஞ்சிவப்பு, பின்னேரமானால் வெயிலில் சற்று வெளுத்துவிடும். யன்னல் திரை இப்போது அதிகம் மூடப்படுவதில்லை. தெருவில் ஆண்களின் குரல் கேட்டால் மட்டும் இழுத்துவிடுவார். உம்மும்மாவைப் பார்க்க வந்த பெண்கள் முதலில் துஆச் செய்துவிட்டு, அடுத்ததாக ரோஜாவைத்தான் கேட்டார்கள். பூத்து முடிந்த காம்புகளை, ஐந்து சிற்றிலை உள்ள இலைக்கு மேலே, வெளிப்பக்கம் பார்த்த கணுவில் வெட்டினேன். வெட்டிய காம்புகளில் நல்லவற்றை உம்மும்மா எறிய விடவில்லை. அடியில் துளையிட்ட தயிர்ச் சட்டிகளில் மணலும் தும்புத் தூளும் நிரப்பி, அறைக்குள்ளேயே இருந்து ஒவ்வொன்றாக ஊன்றினார்.

பெரிய மாமா வந்து பண்டாரவளை வீட்டை விற்பது பற்றிப் பேசியதும் அந்த வாரம்தான். மாமாமார் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. அங்கே இனி யார் இருப்பது என்று அவர் கேட்டதில் பிழையில்லை. உம்மும்மா மறுக்கவில்லை. “அங்க உள்ள மரத்தப் புடுங்கி இங்க கொண்டு வாரதுக்கு யோசிக்க வாணாம். பழைய மரம் வேர் அறுந்தா தாங்காது,” என்று மட்டும் சொன்னார்.

இத்தா முடிந்த மறுநாள் காலை, சுபஹுக்குப் பிறகு, உம்மும்மா முற்றத்துக்கு இறங்கினார். நான் பூவைத் தொட்டுப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் நேரே மூன்றாவது செடிக்குப் போய்க் குனிந்தார். ஒட்டு முடிச்சுக்குக் கீழேயிருந்து அந்த வாரம் ஒரு தளிர் கிளம்பியிருந்தது. இலைக்கு ஏழு சிற்றிலை, வெளிர்பச்சை நிறம். அடிமரமான காட்டு ரோஜாவின் தளிர். விட்டால் அதுவே செடியைப் பிடித்துக்கொள்ளும். யன்னலிலிருந்தே கண்டுவிட்டாராம். கத்தி கொண்டு வரட்டுமா என்றேன். வேண்டாம், வெட்டினால் மறுபடி முளைக்கும் என்று சொல்லி, பெருவிரலால் கீழ்நோக்கி அழுத்திக் கிழித்தெடுத்தார்.

தயிர்ச் சட்டிகளில் ஒன்பது தண்டுகள் வேர்விட்டிருக்கின்றன. இவற்றுக்கு ஒட்டு இல்லை; சொந்த வேர். காட்டுத் தளிர் பயமும் இல்லை. ஒன்று பக்கத்து வீட்டு மாமிக்கு, ஒன்று என் வகுப்புத் தோழிக்கு, நான்கு கேட்டுப் போன மற்றவர்களுக்கு. ஒன்றை, இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தம்பி தனக்கென எடுத்து வைத்திருக்கிறான். மீதி இரண்டும் பண்டாரவளைக்குப் போகவிருக்கின்றன. வீட்டை வாங்குகிறவர்களுக்குச் சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று உம்மும்மா பெரிய மாமாவிடம் சொல்லியிருக்கிறார். நடு மொட்டைக் கிள்ளச் சொல்ல மறக்க வேண்டாம் என்றும்.