வானகரத்துப் பனி

சென்னைக் குளிரைப் பற்றிப் பேசினால் வடநாட்டு நண்பர்கள் சிரிக்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் ஜனவரி மாதத்துச் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலையே ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸ். தில்லிக்காரர் மின்விசிறியைச் சுழலவிடும் அந்த வெப்பத்தில்தான் நாங்கள் மங்கி குல்லாய் அணிந்து, காதில் பஞ்சடைத்துக்கொண்டு பால் வாங்கப் போகிறோம். மே மாதத்தில் 40 டிகிரியில் வெந்த உடம்புக்கு வேறெப்படித் தோன்றும்?

தமிழ் இலக்கணமோ ஆறு பெரும்பொழுதுகளில் மூன்றைக் குளிருக்கென்றே ஒதுக்கியிருக்கிறது: கூதிர், முன்பனி, பின்பனி. கூதிரின் மாதங்களான ஐப்பசியும் கார்த்திகையும் எங்களுக்குப் புயல் பயத்தில் கழிந்துவிடும். பின்பனிக்குரிய மாசி, பங்குனியில் வெயில் வந்துவிடும். மிஞ்சுவது முன்பனி, அதாவது மார்கழியும் தையும். அதிலும் விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரம் வானகரத்தில் சற்றுத் தாராளமாகவே கிடைத்துவந்தது. கடலிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம். கரையோரத்து இரவுகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் கடலின் கை இவ்வளவு தூரம் நீள்வதில்லை. பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும், மேகப் போர்வையற்ற இரவில் வெட்டவெளி தன் வெப்பத்தை விரைந்து இழந்துவிடும். கூவத்தின் கரையிலும் காலி மனைகளிலும் மழையீரம் வற்றாதிருப்பதால் காற்று குளிர்ந்து மூட்டமாகப் படியும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகளின் விளக்கு மட்டும் தெரியும், லாரி தெரியாது. நாற்றத்துக்கே பெயர்போன கூவம்கூட அந்நேரத்தில் ஓர் ஆறு போலவே இருக்கும் (நாற்றமும் குளிரில் சற்று அடங்கித்தான் போகிறது). தெருவில் சாணியுருண்டையில் செருகிய பூசணிப்பூ, தேநீர்க்கடையில் சுடச்சுட இஞ்சி டீ. இவற்றோடு ஒப்பிடுகையில், 1920களின் இறுதியிலிருந்து நகரம் வளர்த்தெடுத்த டிசம்பர் கச்சேரிகள் எங்களுக்கு வெகு தொலைவு. நாங்கள் போவதுண்டு, ஆனால் சபாவின் குளிர் குளிரூட்டியிலிருந்து வருவது.

கான்கிரீட் மட்டும் மண்ணைப்போல் நடந்துகொள்வதில்லை. பகலில் வாங்கியதை இரவு முழுவதும் மெல்லக் கக்கிக்கொண்டிருக்கும். புறவழிச்சாலை வந்தபின், காலி மனை ஒவ்வொன்றாக அடுக்குமாடியாகும்போது, பனியும் மனை மனையாகப் பின்வாங்குகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூவம் கரை மீறியபோது, தண்ணீர் தங்க இடமில்லை என்று எல்லோரும் பேசினோம். பனி இறங்கவும் அதே இடம்தான் வேண்டும் என்பது அப்போது எவர் நினைவுக்கும் வரவில்லை. பனியால் எவரும் சாவதில்லையே.

இப்போதெல்லாம் போகிப் பண்டிகையன்று சிலர், "ஆகா, என்ன பனிமூட்டம்!" என்கிறார்கள். பழம்பாயோடு டயரும் எரிந்த புகை அது. 2018இல் அந்தப் புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களை ரத்துச் செய்யவேண்டி வந்தது. பனிக்கும் புகைக்கும் வேறுபாடு தெரியாத குழந்தைகள் எங்கள் தெருவில் வளர்கிறார்கள்.

எதிர் மனையில் அடித்தளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. தை முடிந்து தோண்டப்போகிறார்களாம். தினமும் ஐந்தரைக்கு எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் புல்லில் நடந்துகொண்டிருக்கிறோம்.