ஒற்றை ஆள் கணக்கு

எங்கள் குலசேகரன்பட்டினத்தில் ஆவணி பிறந்ததும் சில ஆண்கள் திடீரென்று திருந்திவிடுவார்கள். சாயங்காலமானால் தள்ளாடியே வீடு சேருகிறவர், தசரா விரதத்துக்காக முத்தாரம்மனுக்கு மாலை போட்ட நாளிலிருந்து குடிப்பதில்லை. பீடி இல்லை, மீன் இல்லை, வாயில் கெட்ட வார்த்தை இல்லை. தசராக் குடிலில் பாய் விரித்துப் படுக்கிறார். ஒரு வேளைச் சோற்றைத் தானே பொங்கிச் சாப்பிடுகிறார். காளி வேஷம் கட்டுகிறவருக்கு விரதம் இன்னும் கடுமை. கோயிலில் கொடியேறியதும் கையில் காப்பு. பிறகு வேஷத்தோடு ஊர் ஊராகப் போய், வீடு வீடாகக் காணிக்கை வாங்கி அம்மன் உண்டியலில் சேர்ப்பார். விஜயதசமி நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம் முடியும். கொடி இறங்கும், காப்பு அவிழும். அடுத்த வாரமே பலரைப் பழைய கடையில் பழையபடி பார்க்கலாம். அதோடு குடியை விட்டுவிட்டவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லக் கூடாது.

விரத நாளில் குடிக்காமல் இருப்பதற்கு ஊரில் சொல்லும் விளக்கம், "அம்மன் கட்டிப் போட்டிருக்கா" என்பது. காப்பு அவிழ்ந்தபின் குடித்தால் அதற்கும் விளக்கம் தயார்: "அவன் புத்தி அப்படி." நடத்தைப் பகுப்பாய்வைப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். முதல் விளக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டாவதுதான் இடிக்கிறது. நாற்பத்தொரு நாள் குடிக்காமல் இருந்ததும் அதே புத்திதானே?

புத்தி, குணம், திமிர், சோம்பல் என்று ஒரு பெயரை வைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் எதையும் பார்ப்பதில்லை. எங்கள் துறைக்காரர்கள் அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டு ஆளைச் சுற்றிப் பார்ப்பார்கள். செய்கைக்கு முன்னால் என்ன இருந்தது, செய்த பின்னால் என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி. விரதக்காரர் கழுத்தில் மாலையைக் கண்டதும் பழைய கூட்டாளி கூப்பிடுவதை விட்டுவிடுகிறான். குடிலில் தங்குவதால் அவர் நடக்கும் தெருவே மாறிப்போகிறது. தவறினால் சொல்லிக்காட்ட ஊர் முழுக்கக் கண்கள். இதற்கெல்லாம் மேலே, வேஷம் கட்டி வாசலில் வந்து நிற்கிறவரிடம் வயதில் மூத்தவர்கள்கூடக் குனிந்து திருநீறு வாங்குகிறார்கள். வருஷம் முழுக்க ஏச்சு மட்டுமே கேட்ட மனிதருக்கு இது சின்னக் கூலியா? காப்பு அவிழ்ந்த மறுநாள் இத்தனையும் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. பிறகு புத்தியைக் குறை சொல்கிறோம்.

வகுப்பில் இதைச் சொன்னதும் கெட்டிக்கார மாணவர் ஒருவராவது ஸ்கின்னரின் புறாவை இழுத்துக்கொண்டு வருவார். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1948இல் எழுதிய கட்டுரை அது. பசித்த புறாக்கள் என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் இரை வரும்படி அவர் ஏற்பாடு செய்தார். ஒரு புறா சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று தலையைக் கூண்டின் மூலைக்கு நீட்டிக்கொண்டே இருந்தது. தம் செய்கையால்தான் இரை வருகிறது என்பதுபோல் அவை நடந்துகொண்டதாகவும், மூடநம்பிக்கையும் இப்படித்தான் பிறக்கிறது என்றும் அவர் எழுதினார். 1971இல் ஸ்டாடன், சிம்மல்ஹாக் இருவரும் அதே சோதனையைத் திரும்பச் செய்து உன்னிப்பாகப் பார்த்தார்கள். இரை வரும் நேரம் நெருங்க நெருங்கப் புறாக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி கொத்தத்தான் செய்தன. ஆளுக்கொரு சடங்கு என்ற கதை அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. எப்படியிருந்தாலும் நேர்த்திக்கடனை அந்தக் கூண்டில் அடைக்க எனக்கு மனம் வந்ததில்லை. அங்கே புறா தனியாக இருந்தது. விரதக்காரரைச் சுற்றி ஊரே நிற்கிறது. (இரண்டாம் உலகப் போரில் குண்டுக்கு வழிகாட்டவும் இதே ஸ்கின்னர் புறாக்களைப் பழக்கினார்; கடைசியில் வேண்டாமென்று திட்டத்தைக் கைவிட்டார்கள். 2024 பிப்ரவரி 28இல் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட எங்கள் ஊரில் இந்தக் கதையைச் சொன்னால் நல்ல சிரிப்பு கிடைக்கிறது.)

ஸ்கின்னரிடம் நான் எடுத்துக்கொண்டது புறாவைவிட அவருடைய கணக்குமுறையைத்தான். சில உயிர்களை மட்டும் எடுத்துக்கொள்வார். நெடுங்காலம் விடாமல் கவனிப்பார். ஒவ்வொன்றின் பதிவையும் தனித்தனியாக வைப்பார். பலருடையதைக் கூட்டி வகுத்துச் சராசரி போட்டால் அதில் யாருடைய நடத்தையும் இருக்காது. முதலில் ஒன்றும் செய்யாமல் கவனித்து எண்ண வேண்டும். பிறகு சூழலில் ஒன்றை மாற்றி எண்ண வேண்டும். மாற்றியதை விலக்கி எண்ண வேண்டும். மறுபடி மாற்றி எண்ண வேண்டும். கோடு அதற்கேற்ப ஏறி இறங்கினால் காரணத்தைப் பிடித்துவிட்டோம் என்று சொல்லலாம். எங்கள் ஊர்த் தசரா இந்தச் சோதனையை யாரும் கேட்காமலே வருஷா வருஷம் செய்துகொண்டிருக்கிறது: மாலை, அவிழ்ப்பு, மறுபடி மாலை, மறுபடி அவிழ்ப்பு. நோட்டும் பென்சிலுமாக ஒரு விரதக்காரரின் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒரு ஆளைப் பல்கலைக்கழகத்தில் உருவாக்குவதுதான் பெரும்பாடு. கல்கத்தாவில் 1916இலும் மைசூரில் 1924இலும் உளவியல் துறை தொடங்கியாயிற்று. நம் நாட்டில் நூறு வயது தாண்டிய படிப்பு இது. இன்னமும் ஆய்வு என்றால் முந்நூறு பேரிடம் வினாத்தாள் கொடுத்து வாங்கிக் கணினியில் அட்டவணை போடுவதுதான். என் மாணவி ஒருத்தி ஒரே ஒரு சிறுவனை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து ஆய்வு செய்ய முன்வந்தாள். "சாம்பிள் எத்தனை?" என்று ஆய்வுக் குழுவில் கேட்டார்கள். "ஒன்று" என்றாள். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. கடைசியில் அவளும் வினாத்தாள் பக்கம் போய்த்தான் பட்டம் வாங்கினாள். இதை ஊரில் ஒரு விரதக்காரரிடம் சொன்னபோது அவரும் கேட்டார்: "ஒத்த ஆளப் பாத்து எழுதுனா பட்டம் குடுக்க மாட்டாவளோ அண்ணாச்சி? அப்போ டாக்டரு மட்டும் ஒத்த ஆளத்தானே பாக்காரு?" குழுவில் அவரை உட்கார வைத்திருக்கலாம்.

ஒற்றை ஆளைப் பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பிரையன் இவாட்டாவும் சகாக்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வு. தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும், கடித்துக்கொள்ளும் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள்; மொத்தம் ஒன்பது பேர்தான். ஒவ்வொருவரையும் வெவ்வேறு சூழலில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். அடித்துக்கொண்டதும் யாராவது ஓடி வந்து தேற்றினால் அது அதிகமாகிறதா? கடினமான வேலையிலிருந்து விடுபட்டால் அதிகமாகிறதா? தனியாக இருக்கும்போதே அதிகமா? பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அடிக்கு ஆளுக்கு ஆள் காரணம் வேறாக இருக்கக் கண்டார்கள். கவனம் வேண்டி அடித்துக்கொள்ளும் பிள்ளையை ஓடிப்போய் அணைத்தாலும், வேலையிலிருந்து தப்ப அடித்துக்கொள்ளும் பிள்ளையைத் தண்டனை என்று தனியே உட்கார வைத்தாலும் அடி கூடத்தான் செய்யும். ஒன்பது பேருக்கும் சராசரி போட்டிருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது.

இன்று இந்தத் துறையின் பெயர் நம் ஊர்களில் பரவியிருப்பது வகுப்பறை வழியாக இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான "ஏபிஏ தெரபி" (நடத்தைப் பகுப்பாய்வு வழிப் பயிற்சி) மையங்களின் பலகைகளில்தான் பார்க்கிறோம். 1987இல் ஐவார் லோவாஸ், கலிபோர்னியாவில் வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளோடு சாதாரண வகுப்பில் சேர்ந்ததாக எழுதினார். விளம்பரங்கள் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டன. அவர் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதும், அதட்டலும் தொடையில் அடியும் அந்தப் பயிற்சியில் இருந்தன என்பதும் விளம்பரத்தில் வராது. கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்று எங்களை வதைத்தார்கள் என்று வளர்ந்த ஆட்டிசக்காரர்களே பிறகு எழுதினார்கள். அது நியாயமான கோபம் என்றுதான் நினைக்கிறேன். வாரம் 40 மணி நேரத்துக்குக் கட்டணம் கட்ட உடன்குடியில் கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டால் முடியுமா?

சட்டத்தில் எங்களுக்கு இடம் வந்துவிட்டது. 2021ஆம் ஆண்டின் தேசியத் துணைச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற பெயர் இருக்கிறது. நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ் வாரியமோ 2023 முதல் இந்தியாவில் வசிப்பவர்களிடம் புதிய விண்ணப்பம் வாங்குவதில்லை. ஆக, ஆளை இங்கேதான் உருவாக்க வேண்டும். அதற்கான மாதிரிக்கு நான் வெளிநாடு போகச் சொல்ல மாட்டேன். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதன் களப்பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்குப் போய்க் குழந்தையோடு தாய்க்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நடத்தைப் பகுப்பாய்வு என்ற பலகை அங்கே கிடையாது. ஆனால் பிள்ளை சாப்பிடுகிற திண்ணையில் வைத்தே சாப்பிடப் பழக்குவது எங்கள் துறை கேட்பதுதான்.

பிள்ளையைத் தெரபிக்கு விட்டிருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடுத்த மாதக் கட்டணம் கட்டும் முன் உங்கள் பிள்ளையின் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தொடங்கும் முன் எப்படி இருந்தது, எதை மாற்றினார்கள், அதன்பின் கோடு எங்கே போனது என்று அதில் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும்படி விளக்கவும் வேண்டும். மற்றப் பிள்ளைகளின் வெற்றிக் கதைகளைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மறுபடி உங்கள் பிள்ளையினுடையதைக் கேளுங்கள். காட்டாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.