பாதியில் நின்ற விமானமும் பல்லவர் கடற்கரையும்!

செங்கல்பட்டில் என் அக்கா வீட்டுப் பின்பக்கம், தகரக் கொட்டகைக்குள் ஒரு குட்டி விமானம் மூன்று வருஷமாகப் படுத்திருக்கிறது. அக்கா மகன் கட்டியது. ஓர் இறக்கை முடிந்துவிட்டது. இன்னொன்று வெறும் எலும்புக்கூடு.

"வித்துடலாம்னு பாக்குறேன் மாமா. சந்தேகம் கேக்கக்கூட ஆள் இல்ல" என்றான்.

அக்காவுக்கு வேறு பயம். முடித்துவிட்டால் அதில் ஏறிப் பறப்பானே!

ஒரு ஞாயிறு காலை அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதலில் பல்லாவரம். 1910-ல், ரைட் சகோதரர்கள் பறந்து ஏழே வருஷத்தில், இங்கே ஒரு விமானம் சோதிக்கப்பட்டது. செய்தவர் சென்னை மவுன்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ். வடிவமைப்பு அவருடையது, கட்டித்தந்தது கோச் வண்டி செய்வதில் பேர்போன சிம்சன் கம்பெனி. ஓட்டல்காரருக்கே கைத்தொழில் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

அடுத்து குரோம்பேட்டை எம்.ஐ.டி. வாசல். அப்துல் கலாம் இங்கே மாணவராக இருந்தபோது, தாக்குதல் விமானம் ஒன்றின் வடிவமைப்பைப் பேராசிரியர் சீனிவாசனிடம் காட்டினார். அவருக்குத் திருப்தி இல்லை. ஒரு மாதம் கேட்ட கலாமுக்கு மூன்றே நாள் கெடு. தவறினால் உதவித்தொகை ரத்து! கலாம் முடித்துக் காட்டினார்.

"எனக்கும் திட்டறதுக்கு ஒருத்தர் வேணும்" என்று சிரித்தான்.

அங்கிருந்து ஈ.சி.ஆர். பிடித்து மாமல்லபுரம். பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த ஐந்து ரதங்களில் இன்றும் பல இடங்களில் வேலை பாதியில் நிற்கிறது. செதுக்கி எடுத்த கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது.

சாலையோரச் சிற்பக்கூடம் ஒன்றில், வயதான ஸ்தபதி நூல் பிடித்து ஒரு பையனின் சிலையை அளந்துகொண்டிருந்தார். "அடுத்த உளி வைக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டு" என்றார்.

அக்கா மகன் அங்கேயே நின்றுவிட்டான்.

விமானத்துக்கும் அதே கதைதான். இறக்கையை மூடிவிட்டால் உள்ளே இருக்கும் பிழை கண்ணில் படாது. 1953-ல் அமெரிக்காவில் தொடங்கிய வீட்டு விமானக்காரர்கள் சங்கத்தில், அனுபவசாலிகள் வீடு தேடி வந்து கட்டக் கட்டப் பார்த்துச் சொல்கிறார்கள். அதற்குமேல் அரசு அனுமதி வேண்டும். மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய விமானத்துக்கு, பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2017-ல்தான் பதிவு கிடைத்தது.

திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பும்போது அவன் விற்பனைப் பேச்சை எடுக்கவே இல்லை.

மறுவாரம், விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற தாம்பரத்துப் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தான். அவர் டார்ச் அடித்து, விரலால் தடவிப் பார்த்தார். முடிந்துவிட்டதாக நினைத்த இறக்கையிலேயே பதினொரு ரிவெட்டுகளைக் காட்டி, "இதெல்லாம் எடுத்துட்டு மறுபடி அடி. மூடறதுக்கு முன்னாடி கூப்பிட்டியே, நல்லதாப் போச்சு" என்றார்.

அவன் முகம் வாடியது. அக்கா முகம்தான் தெளிந்தது.

உள்ளே போய் காபி கொண்டுவந்தவள், டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவீங்கல்ல?"