கார்டு அப்புச்சி காத்திருந்த கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்தால் போதும், போத்தனூரில் அந்த வீட்டு வாசலில் ஸ்டார் ஏறிவிடும். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். சொந்த வீடு கட்டிக் குடிவந்த பிறகும் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. மகளும் பேரப்பிள்ளைகளும் சென்னையிலிருந்து வந்து இறங்கும்போது தெருமுனையிலேயே ஸ்டார் தெரிய வேண்டும் என்பது அப்புச்சியின் கணக்கு.

2025 அக்டோபரில் மகளிடமிருந்து போன் வந்தது. தீபாவளி முடிந்த கையோடு வந்த போன்.

“அப்பா, இந்தத் தடவை கிறிஸ்துமஸுக்கு வர முடியாதுங்கப்பா. இருபத்து நாலாந்தேதி நைட் டூட்டி எனக்கு விழுந்திருச்சு.”

“லீவு கேட்டுப் பாரேன் கண்ணு.”

“போன வருஷம் எனக்குக் குடுத்தாங்க. இந்த வருஷம் இன்னொரு சிஸ்டர் ஊருக்குப் போறாங்க. எல்லாரும் போயிட்டா வார்டுல இருக்கறவங்கள யாருப்பா பாக்கறது?”

மகள் நர்ஸ். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, ஜனவரியில்தான் வருவார். பதினோரு வயதுப் பேத்தியும் ஆறு வயதுப் பேரனும் அந்த இரவு யாருடன் இருப்பார்கள்? அப்புச்சி கேட்கவில்லை. மகளும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றிருந்த அம்மிச்சிதான் போனை வாங்கினார்.

“நாங்க ரெண்டு பேரும் அங்க வர்றோம் கண்ணு. நீ நிம்மதியா டூட்டிக்குப் போ.”

போனை வைத்ததும் ஆரம்பித்தது வாக்குவாதம். “பண்டிகை நாளுல வீட்டப் பூட்டிட்டுப் போறதா? கேரல் பாட வர்ற பசங்க பூட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போவாங்களா? அக்கம்பக்கத்துக்குப் பிரியாணி யாரு குடுக்கறது? சர்ச்சுல நம்ம எடம் காலியாக் கெடக்குமே!” அப்புச்சி அடுக்கிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மிச்சி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“ஏனுங்க, உங்களுக்கு டூட்டி இருந்தப்பல்லாம் நான் வீட்டுல இருந்தேன். இப்ப அவளுக்கு டூட்டி. யாராச்சும் இருக்கோணுமில்லீங்க?”

அப்புச்சி அதற்குப் பிறகு பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து, காலண்டரில் தேதி பார்க்கப் போய்விட்டார்.

ரயிலோடு பிறந்த ஊர்

போத்தனூரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவைக்கு ரயில் வருவதற்கு முன்பே போத்தனூருக்கு வந்துவிட்டது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூருக்குப் போட்ட ரயில் பாதை 1862-இல் இந்த வழியாகத்தான் இணைந்தது. கோவை வழியாக மேட்டுப்பாளையம் போகும் கிளைப் பாதை 1873-இல் வந்தது. பொள்ளாச்சிக்கான பாதை 1915-இல் திறக்கப்பட்டது. ரயில்வேயின் சிக்னல் பணிமனையும் இங்கேதான் இருக்கிறது. தண்டவாளத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் என்பதால், பண்டிகையா, கல்யாணமா, எதுவானாலும் “அவருக்கு டூட்டி எப்போ?” என்று கேட்டுவிட்டுத்தான் தேதி குறிப்பார்கள்.

அப்புச்சி சரக்கு ரயில் கார்டாக இருந்தவர். வண்டியின் கடைசியில், பிரேக் வேனில், பச்சை சிவப்புக் கொடியும் கை விளக்குமாகத் தனியாகப் போகும் வேலை. மதுக்கரை சிமென்ட்டும் அரிசி மூட்டைகளும் அவருக்குப் பின்பாட்டு. இப்போது அந்தப் பதவிக்கு ‘ட்ரெயின் மேனேஜர்’ என்று பெயர். 2022-இல் மாற்றினார்கள். பேரன் அதைத் தெரிந்துகொண்டதிலிருந்து, “எங்க அப்புச்சி மேனேஜர்!” என்று பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

சரக்கு வண்டிக்கு நேரம் காலம் கிடையாது. பயணிகள் ரயில் வந்தால் லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும். எப்போது கிளம்பும், எப்போது சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. செல்போன் இல்லாத காலம். ‘கால் பாய்’ சைக்கிளில் வந்து கதவைத் தட்டினால் டூட்டி. அவ்வளவுதான். அப்படி எத்தனையோ கிறிஸ்துமஸ் இரவுகள் அவருக்குத் தண்டவாளத்தில் கழிந்திருக்கின்றன.

அறுபது நாள் கணக்கு

டிசம்பர் 23 இரவு கிளம்புவது என்று முடிவானது. முன்பெல்லாம் 120 நாட்களுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகிவிட்டது. அப்புச்சி விரல் விட்டு எண்ணினார். அக்டோபர் 24. காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும்போது எதிர்வீட்டு பாயின் மகன் போனும் கையுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

“தாத்தா, உங்க ரெண்டு பேரு மட்டுந்தானே? அப்ப சீனியர் சிட்டிசன் கோட்டாவுலயே போட்டுடறேன்.”

அது நல்ல யோசனை. அறுபது வயது தாண்டிய ஆண்களுக்கும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும் கீழ் பெர்த்துகள் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால், ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அந்த ஒதுக்கீடு பொருந்தும். பேரப்பிள்ளைகளையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டால் கிடைக்காது. இருவருக்கும் கீழ் பெர்த் கிடைத்தது. முழங்கால் வலிக்காரரான அம்மிச்சிக்கு அதுவே பாதி கிறிஸ்துமஸ்.

கட்டணச் சலுகைதான் இல்லை. 2020 மார்ச் வரை மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணம் குறைவாக இருந்தது. கொரோனா நேரத்தில் நிறுத்தியது திரும்பவில்லை. ரயில்வே ஓய்வூதியரான அப்புச்சிக்கு பாஸ் உண்டு. ஆனால் அந்த வருஷத்துக்கானதை உறவினர் கல்யாணங்களுக்கே செலவழித்துவிட்டார். “முப்பத்தாறு வருஷம் ஓசில போனேன். ஒரு தடவ காசு குடுத்துப் போனா என்ன கெட்டுது?” என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஒரு டின் அச்சு முறுக்கு

டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அடுப்படி அம்மிச்சியின் ஆட்சியில். அரிசி மாவு, மைதா, முட்டை, தேங்காய்ப் பால், சர்க்கரை கலந்த அச்சு முறுக்கு. அதைக் கற்றுத் தந்தவர் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி. பல குடும்பங்களைப் போல அவர்களும் பின்னால் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். போகும்போது தன் இரும்பு அச்சை அம்மிச்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அச்சு எண்ணெயிலேயே நன்றாகக் காய வேண்டும். மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். முழுசாக மூழ்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. இந்த இரண்டு விஷயத்தையும் மகளுக்கு எத்தனை முறை சொல்லியும் வரவில்லை. கலகலாவை முள்கரண்டியின் முதுகில் உருட்டி வரி போடுவது மட்டும் அப்புச்சியின் வேலை.

கிளம்பும் நாள் சாயங்காலம் வீட்டுச் சாவி எதிர்வீட்டுக்குப் போனது.

“பாய், தெனமும் ஆறு மணிக்கு இந்த ஸ்டார் சுவிட்சு மட்டும் போட்டுருங்க.”

“இத நீங்க சொல்லோணுமுங்களா? நீங்க கவலையில்லாமப் போயிட்டு வாங்க.”

லூப் லைனில் ஒரு பச்சை விளக்கு

மங்களூர் மெயிலில் ஏறியதும் அம்மிச்சி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அப்புச்சிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, இருட்டிலேயே ஊர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். இருகூர், சோமனூர், திருப்பூர், ஊத்துக்குளி. பலகை பார்க்க வேண்டியதில்லை. தண்டவாளச் சத்தம் மாறுவதை வைத்தே அவருக்குத் தெரியும்.

ஈரோட்டுக்கு முன்னால் ஒரு ஸ்டேஷனில் லூப் லைனில் சரக்கு ரயில் ஒன்று ஒதுங்கி நின்றது. மெயிலுக்கு வழிவிட்டிருக்கிறது. அதன் கடைசியில் பிரேக் வேன் வாசலில் ஓர் ஆள், கையில் பச்சை விளக்கு. கடந்து போகிற வண்டியில் கோளாறு எதுவும் இல்லை என்று காட்டும் விளக்கு. ஒரு நொடிதான். அப்புச்சியின் கை தானாக மேலே எழுந்தது. அந்தக் கார்டு அதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

ஒன்பது மணி வரை

டிசம்பர் 24. இரவு டூட்டிக்கு மகள் கிளம்பும்போது மணி ஏழு. பேரன் வாசல் வரை வந்து, “அம்மா, நீ வந்தப்புறம்தான் கேக் வெட்டுவோம்” என்றான். “எட்டு மணிக்கு டூட்டி முடிஞ்சதும் ஓடி வந்துருவேன் தங்கம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் மாடி பால்கனியில் புது ஸ்டார் எரிந்தது. விடியற்காலை ஆராதனைக்கு நான்கு பேரும் ஆட்டோவில் போய் வந்தார்கள். திரும்பி வந்து பிள்ளைகள் புது உடுப்போடு சோபாவில் உட்கார்ந்தார்கள். மேசையில் கேக், பக்கத்தில் அச்சு முறுக்கு டின்.

எட்டே கால். எட்டரை. மகளின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்புச்சி பால்கனிக்கும் ஹாலுக்கும் நடந்தார். ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தார்.

“பசிக்குதா கண்ணு? ஒரு துண்டு சாப்புடறியா?”

“வேண்டாம் அப்புச்சி. அம்மா வரட்டும்.”

அப்போதுதான் அவருக்கு 1991 ஞாபகம் வந்தது. டிசம்பர் 24 ராத்திரி பத்து மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு ஷொர்ணூருக்குக் காலி வேகன்களோடு போனவர், வீடு திரும்பியது மறுநாள் பகல் பதினோரு மணிக்கு. வாசலில் ஸ்டார் அந்த வெயிலிலும் எரிந்துகொண்டிருந்தது. ஏழு வயது மகள் புது கவுனோடு படியில் உட்கார்ந்திருந்தாள். கேக் வெட்டாமல் அப்படியே இருந்தது. அலுப்பில் அவருக்குக் கோபம்தான் வந்தது. “கொழந்தைய இப்படியா பட்டினி போடறது? வெட்டிக் குடுக்க வேண்டியதுதானே? பகல்ல எதுக்கு லைட்டு?” என்று கத்தினார். அம்மிச்சி பதில் சொல்லவில்லை. குளிக்க வெந்நீர் விளாவி வைத்துவிட்டு டீ போடப் போனார்.

முப்பத்து நான்கு வருஷமாக அந்த இரவை அவர் தன் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறார். குளிர், கொசு, பச்சை விழாத சிக்னல். வீட்டிலிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது இந்தப் பால்கனியில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

சமையலறைப் பக்கம் திரும்பினார். “ஏம்புள்ள, அன்னிக்கு எத்தன மணி வரைக்கும் முழிச்சிருந்த?”

எந்த அன்று என்று அம்மிச்சி கேட்கவில்லை. பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

“தூங்குனாத்தானுங்களே முழிக்கறதுக்கு.”

“அன்னிக்கு நான் கத்திருக்கக் கூடாது.”

“அதுக்கென்னங்க இப்போ…” என்றார் அம்மிச்சி. நறுக்குவதை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். “போயி ஹீட்டரப் போட்டு விடுங்க. வந்ததும் குளிப்பா.”

மணி ஒன்பது பத்து. மகள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தாள். முகம் வாடியிருந்தது. “அப்பா, ஒரு கேஸ்… விட்டுட்டு வர முடியலீங்கப்பா. போன்ல சார்ஜும் போயிருச்சு” என்று ஆரம்பித்தாள்.

“பரவால்ல கண்ணு. ஹீட்டர் போட்டிருக்கு. மொதல்ல குளிச்சிட்டு வா. அம்மா டீ போடறா.”

அவள் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு பால்கனியைப் பார்த்தாள். பளீரென்ற வெயிலில் ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது.

“என்னங்கப்பா, பகல்ல லைட்டு?”

“நீ வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டேன்” என்றார் அப்புச்சி.

கேக் வெட்டும்போது போனில் ஒரு படம் வந்து விழுந்தது. முந்தின நாள் இரவு எடுத்தது. போத்தனூர் வீட்டு வாசலில் ஸ்டார், அதன் கீழே எதிர்வீட்டுப் பிள்ளைகள். கேரல் பாட வந்தவர்களுக்குத் தாங்களே டீ கொடுத்து அனுப்பியதாக பாய் எழுதியிருந்தார். அப்புச்சி படத்தை எல்லோரிடமும் காட்டினார். பேரன் முதல் துண்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினான்.