லா லா லேண்டும் என் மிருதங்கமும்

பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவது நம்மூர் தியேட்டர்களில் பலருக்கு வழக்கம். நான் அந்த ஜாதி இல்லை. பாட்டுக்காகவே படம் பார்த்த வீட்டில் வளர்ந்தவன். பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944-இல் வெளியாகி மூன்று தீபாவளிகளைக் கண்ட கதையை அப்பா அலுக்காமல் சொல்வார். அப்படிப்பட்ட எனக்கு எழுபது வயதுக்கு மேல் ஒரு ஹாலிவுட் படத்தின் மேல் காதல் வந்துவிட்டது! 2016-இல் வந்த 'லா லா லேண்ட்'.

பேத்தி டிவியில் போட்டுவிட்டுப் போனாள். லாஸ் ஏஞ்சல்ஸ் நெடுஞ்சாலைப் பாலத்தில் கார்கள் நகராமல் நிற்கின்றன. ஒரு பெண் இறங்கிப் பாடத் தொடங்குகிறாள். சற்று நேரத்தில் எல்லோரும் கார்களின் மேலேறி ஆடுகிறார்கள். செட் இல்லை, நிஜப் பாலத்தை மூடி, ஆகஸ்ட் வெயிலில் இரண்டே நாளில் எடுத்தார்களாம். இயக்குநர் டேமியன் ஷசெல்லும் இசையமைப்பாளர் ஜஸ்டின் ஹர்விட்ஸும் ஹார்வர்டில் ஒன்றாகப் படித்த நண்பர்கள். ஆஸ்கர் வாங்கியபோது ஷசெல்லுக்கு வயது 32. சிறந்த இயக்குநர் விருது பெற்றவர்களில் அவர்தான் மிக இளையவர்.

கதாநாயகன் செப் ஒரு ஜாஸ் பியானோ கலைஞன். சொந்தமாக ஒரு கிளப் தொடங்க ஆசை. நடிகையாகத் துடிக்கும் மியாவைக் காதலிக்கிறான். அவள் தன் தாயிடம் போனில் அவன் வருமானம் பற்றிப் பேசுவது காதில் விழ, மனசுக்குப் பிடிக்காத ஒரு குழுவில் சம்பளத்துக்கு வாசிக்கப் போகிறான். அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நான் ஒன்பது வருடம் மிருதங்கம் கற்றவன். இரண்டு கச்சேரிகள்கூட வாசித்தேன். அப்பா தவறிய வருடம் வங்கி வேலை வந்தது. தர்மபுரியில் போஸ்டிங். தொப்பியில் ரவை பூசும் வேலைக்கு அதோடு முற்றுப்புள்ளி.

படத்தின் கடைசியில் ஐந்து வருடம் கழித்து, வேறொருவரை மணந்த மியா தற்செயலாக செப்பின் கிளப்புக்கு வருகிறாள். அவன் பழைய மெட்டை வாசிக்க, இருவரும் சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு முழு வாழ்க்கை கண்முன் ஓடுகிறது. பக்கத்தில் இருந்த என் மனைவி கேட்டாள்:

"ஏங்க, நீங்க வித்வானா ஆகியிருந்தா, அந்தக் கதையில நான் இருப்பேனா?"

சட்டென்று பதில் வரவில்லை. தர்மபுரிக்குப் போகாமல் இருந்தால், அங்கே பக்கத்து வீட்டு மாமி அவள் ஜாதகத்தைக் கொண்டுவந்திருக்க மாட்டார்.

"இருந்திருக்க மாட்டே" என்றேன்.

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டுப் படத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் அந்தக் காட்சியை மட்டும் மீண்டும் போட்டுப் பார்த்தேன். கனவில் செப்புக்கு மியா கிடைக்கிறாள். ஆனால் இருவரும் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் பியானோ வாசிப்பவர் வேறு யாரோ! கற்பனையில்கூட எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கவில்லை அந்தப் பொல்லாத இயக்குநர். இந்தப் படத்தை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

பரணில் இருக்கும் மிருதங்கத்துக்குத் தோல் மாற்ற வேண்டும். ஆள் விசாரித்தது நானில்லை, என் மனைவி.