அங்க என்ன வெள்ளாமை?

என் அக்கா மகள் பதினாறு வயதில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனாள். ஒரே ஒரு பள்ளி ஆண்டு, பத்து மாதம். எங்கள் கரிசல் காட்டு ஊரான பாலவனத்தத்தில் அம்மாச்சி மடியில் வளர்ந்து, மதுரையில் பத்தாவது முடித்த பிள்ளை. அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளி, தங்குவதற்கு ஒரு விவசாயியின் வீடு என்று தகவல் வந்தது. ஒரு படிப்பு வருஷம் வீணாகிவிடுமே என்று அத்தானுக்குக் கவலை. பள்ளி ஆசிரியை என்பதால் புத்தி சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

"அங்க இருக்கிறவங்க எப்படி இருக்காங்களோ, அப்படியே இருந்துக்கோ. நம்ம ஊர்ப் பழக்கத்தையெல்லாம் இங்கேயே விட்டுட்டுப் போ" என்று சொல்லித்தான் அனுப்பினேன். அந்த வார்த்தைக்காக இன்றும் வருந்துகிறேன்.

இந்த மாணவர் பரிமாற்றத்துக்குப் பின்னால் ஒரு நல்ல மனசு இருக்கிறது. முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஆம்புலன்சில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பு ஏ.எஃப்.எஸ். இரண்டாம் போரிலும் அதே வேலையைச் செய்துவிட்டு, 1947-இல் அயல்நாட்டுப் பள்ளி மாணவர்களை அமெரிக்க வீடுகளில் தங்கிப் படிக்க வரவழைத்தார்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டு உறங்கிய பிள்ளைகள் நாளைக்குத் துப்பாக்கி தூக்க மாட்டார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002-இல் அமெரிக்க அரசு உதவித்தொகையோடு 'யெஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் இந்தியாவும் இடம்பெற்றது. இப்படிப் போகும் பிள்ளையைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்குச் சம்பளம் எதுவும் கிடையாது. யாரோ பெற்ற பிள்ளைக்குச் சோறு போட்டு, இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள்.

ஆனாலும் நல்ல மனசுக்காரர்கள் வீட்டில் இருந்துகொண்டே ஒரு பிள்ளை தவித்துப்போக முடியும். இங்கே ஆசிரியர்தான் வகுப்புக்கு வகுப்பு மாறுவார். அங்கே ஆசிரியர் தம் அறையிலேயே இருப்பார், மணி அடித்ததும் பிள்ளைகள்தான் ஓட வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் நடைவழியில் லாக்கரைத் திறந்து புத்தகத்தை மாற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். நம் வகுப்பறை மாதிரி வருஷம் முழுக்க ஒரே பெஞ்சு, பக்கத்தில் ஒரே தோழி என்பது இல்லை. முதல் நாள் வாசலில் நின்றிருந்த ஆசிரியர் உள்ளே வந்ததும் இவள் மட்டும் எழுந்து நின்றாள். மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை ஏந்திக்கொண்டு, எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாமல் நின்றதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்று பிற்பாடு சொன்னாள். எதிரே வருகிறவர்கள் எல்லாம் நலமா என்று கேட்டார்கள். பதில் சொல்ல இவள் வாயெடுப்பதற்குள் கடந்து போய்விட்டார்கள். ராத்திரி தனி அறை. அம்மாச்சியின் சேலை முந்தானையைப் பிடித்துத் தூங்கிய பிள்ளைக்கு அந்த அறை எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும்!

ஞாயிறு காலை ஏழரைக்கு ஃபோன் பேசுவோம். அவளுக்கு அது சனி இரவு ஒன்பது மணி. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "குளிருதா?" "இல்லை." "இங்கிலீஷ்ல நல்லாப் பேசுறியா?" பதில் வராது. ஒரு மாதம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் அம்மாச்சி ஃபோனை வாங்கினார்.

"ஏந்தாயி, அங்க என்ன வெள்ளாமை?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு மாதமாக அடைந்து கிடந்த குரல் வந்தது. "மக்காச்சோளம் அம்மாச்சி. கண்ணுக்கு எட்டுன மட்டும் மக்காச்சோளம், சோயா. மண்ணு நம்ம கரிசலாட்டமே கறுப்பா இருக்கு."

"வெடிப்பு விடுமா?"

"தெரியலையே. கேட்டுச் சொல்றேன்."

அம்மாச்சிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று அந்த வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். வந்த நாளிலிருந்து அவளாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் அவளைக் காட்டுக்குக் கூட்டிப் போய், ஒரு கை மண்ணை அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தார். கொஞ்சம் வெடிக்கும், உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார். கோடையில் கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அப்புறம் பேச்சு நிற்கவில்லை. அது அவர்களுக்கு அறுவடைக் காலம். வீட்டுத் தலைவாசல் அகலத்துக்கு இருந்த டயர் போட்ட அறுவடை இயந்திரத்தில் அவளை ஏற்றிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நமக்கோ அது புரட்டாசி. மழைக்கு முந்தியே, காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் மாதம். ஈரமே இல்லாத மண்ணில் விதைப்பீர்களா, மழை வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அந்த மனிதர் திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

நவம்பரில் பன்னாட்டுக் கல்வி வாரம் என்று ஒன்று அங்கே நடக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கள் நாட்டைப் பற்றி வகுப்பில் பேசுவார்கள். தாஜ்மகால் படத்தை ஒட்டிப் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். கடைசியில் பேசியது பாலவனத்தத்தைப் பற்றி. புழுதி விதைப்பைச் சொன்னாள். 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் எங்கள் ஊர் ஜமீன்தார் என்று சொன்னாள். வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராக வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, இந்தக் கரிசல் காட்டு ஜமீன்தார்தான் அதன் தலைவர் என்றும் சொன்னாள். அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேசையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். மழை பெய்ததா இல்லையா என்று கேட்பதற்காகக் கூப்பிட்டார்கள்.

ஊர்ப் பழக்கத்தை விட்டுவிட்டுப் போ என்று நான் சொன்னேன். அவள் அங்கே ஊன்றி நின்றது ஊரைக் கையில் பிடித்துக்கொண்டுதான். அதற்கு அவளிடம் ஒருவர் கேட்க வேண்டியிருந்தது. சாப்பிட்டாயா என்ற கேள்வியில் நம் பாசம் இருக்கிறது, ஆனால் அவள் நின்றுகொண்டிருந்த இடம் இல்லை. பள்ளிக்கூடத்தையே மிதிக்காத அம்மாச்சிக்கு அது தெரிந்திருந்தது.

ஜூனில் திரும்பி வந்தாள். வந்தவளிடம் நாங்கள் என்ன வாங்கி வந்தாய் என்றோம், கொஞ்சம் இங்கிலீஷ் பேசு என்றோம். இரண்டு வாரம் அவள் எங்கள் வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தாள். அந்த இயந்திரம் ஒரு நாளைக்கு எத்தனை ஏக்கர் அறுக்கும் என்று அப்போதும் அம்மாச்சிதான் கேட்டார். அன்றைக்குத்தான் அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

இப்போது என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். அப்பாவும் அம்மாவும் பீகாரிலிருந்து நூல் மில் வேலைக்கு வந்தவர்கள். கடைசி பெஞ்சில், சுவர் ஓரமாக உட்காருவான். தமிழ் புரியும், பேசமாட்டான். போன மாதம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

"உங்க ஊர்ல என்ன வெள்ளாமை?"

என்னையே பார்த்தான். பிறகு அவன் மொழியில் 'தான்' என்றான். நெல். எழுந்து நின்று, முழங்காலைத் தொட்டு, தண்ணீர் நிற்கும் உயரத்தைக் காட்டினான். முன் பெஞ்சுப் பையன் ஒருவன், வானம் பார்த்த பூமியில் பிறந்தவன், மொத்த உடம்பையும் திருப்பிக்கொண்டு அவனிடம் கேட்டான்:

"அம்புட்டுத் தண்ணியா? எங்க இருந்துடா வருது?"