பாப் இல்லை, ராபர்ட்டோ

முந்தாநாள் சாயங்காலம் லெட்டர் பாக்ஸைத் திறந்தால் கரண்ட் பில், பீட்சா கூப்பன், பல் டாக்டர் அனுப்பிய நினைவூட்டல், இதுக்கெல்லாம் நடுவே தடியா ஒரு மஞ்சள் கவர். அதன் மேல் என் முழுப் பேர். எங்க தாத்தா பேர். ஒரு எழுத்து கூட விடாமல், கட்டம் கட்டமான கையெழுத்தில். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் பேங்க்காரனையும் வருமான வரிக்காரனையும் தவிர யாரும் என் பேரை அப்படி முழுசா எழுதினதில்லை. இங்கே நான் வெறும் ‘சாம்’.

"என்ன, மறுபடியும் அட்டையா?" என்றார் தங்கமணி. அட்டைதான். பேஸ்பால் அட்டை.

அதென்ன கருமம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நாம ஸ்கூல் படிக்கிறப்போ சூயிங்கம் வாங்கினா கிரிக்கெட் வீரர் படம் போட்ட அட்டை ஒண்ணு கிடைக்குமே, ஞாபகம் இருக்கா? கம்மைத் துப்பிட்டு அட்டையை மட்டும் சட்டைப்பையில் வெச்சுக்குவோம். ரெண்டு ரோஜர் பின்னி குடுத்தா ஒரு ஸ்ரீகாந்த் என்று பெஞ்சுக்கு அடியில் பண்டமாற்று நடக்கும். அதே கதைதான் இங்கேயும். அமெரிக்காவில் இது நூறு வருஷத்துக்கும் மேலான பைத்தியம். முதலில் சிகரெட் பாக்கெட்டில் வந்தது, அப்புறம் சூயிங்கம்மோடு வந்தது. சீட்டுக்கட்டுச் சீட்டு அளவு. முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவர் ஜாதகம்: எந்த வருஷம் எத்தனை ஆட்டம், எத்தனை ரன் என்று பொடி எழுத்தில்.

இதில் பெரிய கை டாப்ஸ் கம்பெனி. 1952-ல் அவங்க போட்ட மிக்கி மேன்ட்டில் அட்டை ஒன்று 2022 ஆகஸ்ட்டில் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வேடிக்கை என்னன்னா, அந்த வருஷத்து அட்டைகள் விற்காமல் குடோனில் இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்ததாம். 1960-ல் படகில் ஏற்றிக் கொண்டுபோய் நியூ ஜெர்ஸி பக்கம் அட்லாண்டிக் கடலில் கொட்டிட்டோம் என்று அந்த செட்டை உருவாக்கிய சை பெர்கரே பிற்பாடு சொன்னார். கொட்டினவங்களுக்குத் தெரியுமா அது கோடி என்று!

நான் அந்தக் கோடிக்கணக்குப் பக்கமெல்லாம் போகிற ஆள் இல்லை. பையன் லிட்டில் லீகில் சேர்ந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. எங்க பிட்ஸ்பர்க் பக்கம் ஒரு தீயணைப்பு நிலைய ஹாலில் மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டைச் சந்தை கூடும். பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போய் புளியோதரை சாப்பிட்டுட்டு அப்படியே அங்கேயும் ஒரு எட்டு போவோம். அங்கேதான் அந்தப் பெரியவர் பழக்கம். எழுபதை ஒட்டிய வயசு. தபால்காரரா இருந்து ரிட்டையர் ஆனவர். விற்கிற மேஜை எதுவும் கிடையாது. நம்மள மாதிரி சும்மா வந்து பெட்டி பெட்டியாய்க் கிளறுகிறவர்.

போன தடவை பையனிடம், "நீ எந்த இடத்துல நிற்கிறே?" என்று கேட்டார்.

"ரைட் ஃபீல்ட்" என்று இவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். விஷயம் தெரியாதவங்களுக்கு: சின்னப் பசங்க ஆட்டத்தில் பெரும்பாலும் வலது கை ஆட்டக்காரர்கள் என்பதால் பந்து இடது பக்கமே போகும். அதனால் பந்து பிடிக்கத் தெரியாத பையனைக் கொண்டுபோய் ரைட் ஃபீல்டில் நிறுத்திடுவாங்க. எல்லா கோச்சுக்கும் தெரிந்த ரகசியம். பசங்களுக்கும் தெரியும் :-(

பெரியவர் சிரிக்கவில்லை. "இந்த ஊர்ல ரைட் ஃபீல்ட்னா அது ராஜா இடம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அதுக்கப்புறம் என்னிடம் ரெண்டு ரெண்டா இருந்த 1987-ம் வருஷத்து பைரேட்ஸ் அட்டைகள் கொஞ்சம் அவருக்கு தபாலில் அனுப்பினேன். காசுக்குப் பெறாத அட்டைகள்தான். அந்தக் காலத்தில் கோடிக்கணக்கில் அச்சடிச்சுத் தள்ளிட்டாங்க. அனுப்புநர் இடத்தில், தர்ம ஸ்தாபனங்கள் நன்கொடை கேட்டு இலவசமா அனுப்புமே முகவரி ஸ்டிக்கர், அதில் ஒன்றைக் கிழித்து ஒட்டினேன். அதில்தான் என் முழுப் பேர் இருந்திருக்கிறது.

சரி, கவருக்கு வருவோம்.

உள்ளே இருந்தவை முக்கால்வாசி ‘ஆட்பால்’ ரகம். சூயிங்கம் கம்பெனி போடாமல் வேற யார் யாரோ வியாபாரத்துக்காகப் போட்ட அட்டைகளை இங்கே அப்படிச் சொல்வாங்க. நான் வெச்ச பேர் ‘தறுதலை அட்டைகள்’. முதல்ல ஒரு கெல்லாக்ஸ். 1970-ல் ஆரம்பிச்சு சீரியல் டப்பாவுக்குள் போட்டுக் கொடுத்த 3-டி அட்டை. மேலே வரிவரியா பிளாஸ்டிக். அசைச்சுப் பார்த்தால் ஆள் முன்னாடி நிற்பார், மைதானம் பின்னாடி போகும். வருஷம் ஆக ஆக பிளாஸ்டிக் சுருங்கும், பின்னாடி இருக்கிற அட்டை சுருங்காது. அதனால் அப்பளம் மாதிரி வளைஞ்சு கீறல் விழுந்துடும். இதிலும் விழுந்திருந்தது, நாலு கீறல்.

அப்புறம் ஹோஸ்டஸ் கேக் டப்பாவின் அடிப்பாகத்தில் அச்சடிச்ச அட்டைகள் மூன்று. 1975-லிருந்து 79 வரைக்கும் வந்தவை. வீட்டில் கத்தரிக்கோலால் நாமே வெட்டிக்கணும். எந்தப் பிள்ளை வெட்டியதோ, ஒரு ஓரம் வரப்பு மாதிரி வளைஞ்சு போகுது. ஒண்ணில் எண்ணெய்க் கறை. ஐம்பது வருஷத்து கேக் எண்ணெய்! மோந்து பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீங்க. பார்த்தேன்.

அடுத்து வட்டமாய் ஒன்று, 1976-ல் வந்தது. அதில் ஆட்டக்காரர் தொப்பியில் டீம் சின்னமே இருக்காது. மொழுக்கென்று அழிச்சிருப்பாங்க. படம் போட ஆட்டக்காரர் சங்கத்துக்குக் காசு கட்டினாங்க, டீம் சின்னத்துக்குக் கட்டவில்லை. அதனால் எல்லாரும் பெட்ரோல் பங்க் தொப்பி மாட்டின மாதிரி நிற்பாங்க :-)

கடைசியா, தனியா ஒரு கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள், 1965-ம் வருஷத்து டாப்ஸ் அட்டை. ராபர்ட்டோ கிளெமென்ட்டே.

எடுத்து வெளிச்சத்தில் பார்த்ததும் திக்கென்றது. மூலை நாலும் தேய்ஞ்சு உருண்டிருந்தது. அது பரவாயில்லை. கீழே ‘பாப் கிளெமென்ட்டே’ என்று அச்சாகி இருக்கும் இடத்தில் ‘பாப்’ மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில் குழந்தை எழுத்தில் ‘ராபர்ட்டோ’.

கூட ஒரு சின்னக் கடிதம். சாரம் இதுதான்: "பேனா வேலை என்னுடையது. அப்போ எனக்கு ஒன்பது வயசு. அவருக்கு அந்தப் பேர் பிடிக்காது என்று எங்க அப்பா சொன்னார். அதனால் திருத்தினேன். அட்டையின் மதிப்பைக் கெடுத்ததற்கு மன்னிக்கவும். இது உங்கள் ரைட் ஃபீல்டருக்கு. பி.கு: உங்கள் பேரை ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் எழுதினேன். சரியா?"

கிளெமென்ட்டே போர்ட்டோ ரிக்கோக்காரர். 1955-லிருந்து 1972 வரை பைரேட்ஸ் டீமுக்கு மட்டுமே ஆடியவர். ரைட் ஃபீல்டில் நின்று அவர் எறிந்தால் ஓடுகிறவன் பாதியில் திரும்பிடுவானாம். நாலு தடவை லீகின் பேட்டிங் பட்டம், 12 தங்கக் கையுறை, சரியா 3000 ஹிட். கறுப்பர், ஸ்பானிஷ் பேசுகிறவர் என்பதால் பட்ட அவமானங்களும் நிறைய. அதில் ஒன்று இந்தப் பேர். முதல் ரெண்டு வருஷம் ராபர்ட்டோ என்று போட்ட டாப்ஸ், 1957-லிருந்து 1969 வரை பாப் என்றே அச்சடித்தது. மனுஷன் தன் பேர் ராபர்ட்டோ என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தார். 1971 உலகத் தொடர் ஜெயிச்சதும் டிவி மைக்கை நீட்டினப்போ, முதல்ல ஸ்பானிஷில் அப்பா அம்மாவிடம் ஆசீர்வாதம் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசினார்.

1972 டிசம்பர் 31. நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு தானும் விமானத்தில் ஏறினார். முன்னாடி அனுப்பினது ஜனங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டதால், தானே போனால் கொடுத்துடலாம் என்று. விமானம் கடலில் விழுந்தது. 38 வயசு. உடல் கிடைக்கவே இல்லை.

அடுத்த வருஷமே ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அந்தப் பட்டயத்திலும் பேர் தப்பு! ஸ்பானிஷ் வழக்கப்படி அப்பா வழிப் பேர் கிளெமென்ட்டே முதலில், அம்மா வழிப் பேர் வாக்கர் கடைசியில். இவங்க ராபர்ட்டோ வாக்கர் கிளெமென்ட்டே என்று மாற்றிப் போட்டுட்டாங்க. இனிஷியலை எங்கே எழுதுறதுன்னு விண்ணப்பப் படிவத்தில் முழிச்ச நமக்கு அந்த வலி தெரியும். 2000-ல்தான் அதைத் திருத்தினாங்க. ஒன்பது வயசுப் பையன் 1965-லயே திருத்திட்டான்.

இதையெல்லாம் பையனிடம் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லி முடித்தேன். சும்மா இருந்திருக்கலாம். "உனக்கும் ஆதித்யான்னு அழகா பேர் வெச்சோம். டீம்ல எல்லாரும் ஆடி, ஆடிங்கிறாங்க. தள்ளுபடி விற்பனை மாதிரி. நீ எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று முடிச்சேன்.

"அப்பா, என்னை யாரும் மாத்தல. நாந்தான் கோச்கிட்ட அப்படிக் கூப்பிடுங்கன்னு சொன்னேன். எனக்குப் பிடிச்சிருக்கு. அவர் ராபர்ட்டோன்னு சொல்லியும் இவங்க கேக்கல. அதானே தப்பு?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. தங்கமணி அடுக்களையிலிருந்து சிரிக்கிற சத்தம் வேற.

ராத்திரி உட்கார்ந்து யோசிச்சேன். என் பேரை மட்டும் யார் மாத்தினது? இங்கே முதல் நாள் ஆபீஸில் மேனேஜர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் பேர் வந்ததும் நின்றார். வாயைத் திறக்கிறதுக்குள் நானே முந்திக்கொண்டு "சாம்னு கூப்பிடுங்க" என்றேன். அவர் கஷ்டப்படக் கூடாதாம்! உண்மையில் அவர் தப்பா சொன்னால் மத்தவங்க சிரிப்பாங்களோன்னு எனக்குத்தான் பயம். அந்த மனுஷன் நல்லா சொல்லியிருப்பாரோ என்னவோ, முயற்சி பண்ணக்கூட நான் விடலை. பையன் பிடிச்சு வெச்சுக்கிட்டான். நான் பயந்து வெச்சுக்கிட்டேன். ரெண்டும் ஒண்ணு இல்லை.

பெரியவருக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். நீங்கள் எழுதியது சரிதான், அதுதான் என் பேர் என்று. கீழே பழக்க தோஷத்தில் ‘சாம்’ என்று கை போட்டுடுச்சு. வேற தாள் எடுக்கலாம்னு பார்த்தேன். எடுக்கல. மேலே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் முழுசா எழுதி அனுப்பிட்டேன்.

அட்டை இப்போ பையன் மேஜையில் இருக்கு. சந்தையில் கொடுத்தால் பேனா கிறுக்கலுக்காக விலையைப் பாதிக்கும் கீழே குறைப்பாங்க. குறைச்சுக்கட்டும்.

பி.கு: பதிலுக்கு நானும் ஏதாவது அனுப்பணுமே. ஊரில் பரண் மேல் டிரங்குப் பெட்டியில் அந்தக் காலத்து சூயிங்கம் அட்டைகள் இருக்கா பாருன்னு அக்காவிடம் சொல்லியிருக்கேன். செல்லரிக்காமல் இருந்தால், பிட்ஸ்பர்க்கில் ஒரு தபால்காரர் வீட்டுக்கு சீக்கிரமே ஸ்ரீகாந்த் போய்ச் சேருவார். அவங்களுக்கு அதைவிடத் தறுதலை அட்டை எங்கே கிடைக்கும்? :-)